ஆள் வந்தால் இரண்டு கிள்ளு

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம்; எனக்கு ஏழு வயது. அம்மாவின் தங்கை, தாயில்லாப் பெண் என்பதால், தலைப்பிரசவத்துக்குச் செந்துறையில் எங்கள் வீட்டுக்கே வந்திருந்தாள். வந்த சில நாட்களிலேயே சின்னம்மா எனக்கு ஓர் உத்தியோகம் கொடுத்தாள். விளக்கேற்றும் நேரமானால் அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். படி வந்தால் ஒரு கிள்ளு, எதிரே ஆள் வந்தால் இரண்டு. யாரிடமும் மூச்சு விடக்கூடாது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊரில் எவளுக்கும் இப்படி ஒரு விளையாட்டு கிடையாது! பொழுது எப்போது சாயும் என்று பகல் முழுக்கத் தவியாய்த் தவிப்பேன். எதற்கு இந்த ரகசியம் என்று ஒருநாள் கேட்டேன். "மாமியா காதுக்குப் போனா, குருடின்னு என்னை இங்கயே வுட்டுடுவாங்கடி" என்றாள். அப்படியானால் சின்னம்மா எங்களோடேயே இருப்பாள். எனக்கு அதில் நஷ்டம் எதுவும் தெரியவில்லை.

வீட்டில் அவளைப் பொத்திப் பொத்தித்தான் பார்த்தார்கள். பிள்ளைத்தாச்சிக்கு ஆகாது என்று பப்பாளியை ஒதுக்கினார்கள், மாம்பழத்தை ஒதுக்கினார்கள், வயிற்றைக் கெடுக்கும் என்று கீரையையும் ஒதுக்கினார்கள். மூன்று வேளையும் ரசச்சோறுதான். கிணற்றடியில் பழுத்த பப்பாளியைக் காக்கைகள் தின்றன. அவற்றுக்குக் கண் நன்றாகவே தெரிந்தது.

ஓர் அந்தியில் தா.பழூரிலிருந்து மாமியாரே சொல்லாமல் கொள்ளாமல் மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். நான் இரண்டு கிள்ளு கிள்ளினேன். சின்னம்மா தண்ணீர்ச் செம்போடு, "வாங்க அத்த" என்று முன்னே போனாள். அந்த நேரம் பார்த்து வண்டியிலிருந்து அதிரசத் தூக்கு இறங்கியது. நான் கையை விட்டுவிட்டு ஓடினேன். திரும்பிப் பார்த்தால், சின்னம்மா பந்தல்காலுக்கு மரியாதையாகச் செம்பை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. மாமியார் கிட்டே வந்து சின்னம்மாவின் கண்ணுக்கு நேரே விரலை ஆட்டிப் பார்த்தார்.

"எத்தினி நாளா?"

"ஒரு மாசமா, அத்த" என்று சின்னம்மா ஓவென்று அழுதாள்.

"அடி பைத்தியக்காரி, இது மாலக்கண்ணு. ஒம் புருசன் வயித்துல இருக்கறப்ப எனக்கும் இப்படித்தான். மாட்டுக்குப் போடற வைக்கோல எம் மாமியா தலையிலயே போட்டேன்!" என்று சிரித்தார். பிறகு அம்மாவிடம், "ஆட்டு ஈரல் வாங்கியாரச் சொல்லும்மா. தெனமும் முருங்கக்கீரை ஆக்கிப் போடு. யாரு கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லு" என்றார்.

ஈரலும் கீரையுமாகச் சில வாரங்கள் போயின. ஒருநாள் விளக்கேற்றும் நேரத்தில் சின்னம்மா என் கையை உதறிவிட்டுத் தனியாக வாசலுக்கு நடந்தாள். "தெரியுதுக்கா! கோழி தெரியுது, குஞ்சு தெரியுது!" என்று கத்தினாள். அம்மா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். இருவரும் அழுதார்கள், சிரித்தார்கள். நானும் அழுதேன். சின்னம்மாவுக்கு இனிமேல் நான் வேண்டாம் என்பது மட்டும்தான் எனக்குப் புரிந்தது.