கடைசியாகத் திரும்பும் தலை

அந்தக் குழந்தைகள் காப்பகத்தில் அவளுக்குக் கழுகுக்கண் என்று பெயர். எந்தப் பிள்ளை படியேறத் தயங்குகிறது, எது கூட்டத்தில் சேராமல் ஒதுங்குகிறது என்று தரையில் சம்மணம் போட்டு, வாயே திறக்காமல் பார்த்துக்கொண்டிருப்பாள். அதற்கு என்ன விளையாட்டுக் கொடுத்தால் கூச்சம் தெளியும் என்று பிறகு சொல்வாள். சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்களே, அது கழுகுக்கும் பொருந்தும்.

அவளுடைய மகளும் அங்கேதான் இருந்தாள். இரண்டு வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. "என் தங்கச்சியும் லேட்டாத்தான் பேசுனா. இப்ப அவ வாயை மூட முடியலை" என்று தாய், கேட்டவர்களிடமெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

அன்று பிள்ளைகள் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தபோது, சமையலறையில் பெரிய பாத்திரம் ஒன்று விழுந்தது. எல்லாப் பிள்ளைகளும் திரும்பினார்கள். மகள் மட்டும் முதலில் பக்கத்துப் பையனைப் பார்த்தாள். பிறகு அவன் பார்த்த பக்கம் பார்த்தாள்.

கழுகுக்கண் அதைப் பார்த்துவிட்டாள். மகள் பாட்டுக்குக் கை தட்டியது, கூப்பிட்டதும் ஓடிவந்தது எல்லாம் நினைவுக்கு வந்தன. எல்லாமே மற்ற பிள்ளைகள் செய்த பிறகுதான். தனியே பிரித்தால் பிள்ளை மிரளும் என்று, எந்தப் பிள்ளையையும் கூட்டத்தில் விட்டுத்தான் பார்ப்பது அங்கே வழக்கம். பாழாய்ப்போன வழக்கம்.

இரண்டு நாள் போயிற்று. பிறகு உடன் வேலை செய்யும் பெரியக்காவிடம் போனாள்.

"அக்கா, எம் பொண்ணைத் தனியா வச்சு ஒரு தடவை பாருங்களேன்."

"உன் கண்ணுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போகுது?"

"தெரிஞ்சிருச்சுன்னுதான்க்கா பயமா இருக்கு."

பெரியக்கா எழுந்து வந்தாள். பிள்ளைகள் தூங்கும் அறை காலியாக இருந்தது. மகளைப் பொம்மையோடு அங்கே உட்கார வைத்து, கழுகுக்கண் எதிரே உட்கார்ந்தாள். பெரியக்கா பிள்ளைக்குப் பின்னால் நின்று சாப்பாட்டு மணியை அடித்தாள். காப்பகம் முழுக்கக் கேட்கும் மணி அது. பிள்ளை பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தது. மறுபடி அடித்தாள். சாப்பாடு என்று நினைத்து இரண்டு பொடிசுகள் வாசலில் வந்து நின்றன. பிள்ளை இன்னும் வாரிக்கொண்டிருந்தது.

தாயால் தாங்க முடியவில்லை. கண் தானாக மணியின் பக்கம் போனது. அந்த நேரம் பார்த்து மகள் நிமிர்ந்து, தாயின் கண் போன பக்கம் திரும்பினாள். மணியைப் பார்த்ததும் கேட்டவள்போலவே சிரித்தாள்.

பெரியக்கா மணியைக் கீழே வைத்தாள். "உன்னை விட நல்லாப் பாக்குறாடி உம் மக" என்றாள்.

மகள் மறுபடி தாயின் முகத்தைப் பார்த்தாள். அவள் சிரிப்பு நின்றது, உதடு பிதுங்கத் தொடங்கியது. கழுகுக்கண் அவசரமாகச் சிரித்தாள். பிள்ளையும் சிரித்தது.