ஐஸ் லொறியின் பின்கண்

பாலையூற்றில் இரத்தினசிங்கத்தைத் தெரியாத ஆள் இல்லை. ஐஸ் லொறிக்காரன் என்றால் சின்னப் பிள்ளையும் கை காட்டும். தடித்த ஆள், தடித்த கதை. தேத்தண்ணி கேட்டாலும் சண்டைக்கு வந்தவர் மாதிரித்தான் கேட்பார். மனைவி நல்லம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் கதையும் குறைந்துபோனது.

அவருக்கு ஒரே மகள், குணேஸ்வரி. செல்லடியும் ஆமியின் சுற்றிவளைப்புமாக இருந்த காலம். அவளைக் கனடாவில் இருக்கிற தன் தங்கையிடம் அனுப்பிவிட எல்லாம் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தார். புறப்பட வேண்டிய கிழமையில் அவள், வெல்டிங் வேலை செய்யும் சோமசேகரத்தோடு கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"உங்களை விட்டிட்டுப் போக ஏலாது அப்பா. நான் இஞ்சயே இருக்கிறன்."

அது அவர் காதில் ஏறவில்லை. "சாகத்தான் விருப்பமெண்டா இருந்து சா. இனி உன்ர பக்கம் நான் திரும்பியும் பாக்கமாட்டன்" என்று நடு றோட்டில், நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டார். சொன்ன சொல்லை மென்று விழுங்கத் தெரியாத மனிதர்.

ஊரில் வேறு வீடு இல்லையென்று யார் சொன்னார்கள்? ஐஸ் கொம்பனிக்குப் போகிற ஒழுங்கையிலேயே அவள் வாடகைக்கு வந்து குடியிருந்தாள். ஒழுங்கை அத்தனை ஒடுக்கம். லொறியின் இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் மடித்தால்தான் மதிலில் உரசாமல் போகலாம். சந்தியில் ஏறிய பிறகுதான் கண்ணாடியை விரிப்பார். விடியப்புறம் ஐஸ் ஏற்றிக்கொண்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும்போதும் சரி, மத்தியானம் வெறும் லொறியோடு திரும்பும்போதும் சரி, அவள் வீட்டுப் படலை சாத்தித்தான் கிடக்கும். அவரும் நேரே பார்த்தபடி போய்விடுவார்.

கிழக்கில் சண்டை அடங்கி வடக்கே போயிருந்த வருடம் அது. சந்தியில் ஆப்பம் விற்கிற ஸுல்பிகா ஒருநாள் ஆப்பத்தைச் சுற்றிக் கொடுத்தபடி சொன்னாள்.

"அண்ணன், ஒண்டு சொல்லுவன், ஏசப்படா. ஒங்கட லொறி போன கையோட மகள் புள்ளையத் தூக்கிக்கிட்டு றோட்டுக்கு வாறா. லொறி சந்தி திரும்புற மட்டும் நிண்டு பாத்துட்டுத்தான் உள்ள போறா. ஒவ்வொரு நாளும்."

"சம்பல் காணாது, இன்னும் போடு" என்றார் இரத்தினசிங்கம்.

அன்று முழுக்க அவருக்கு வேலை ஓடவில்லை. பேரப்பிள்ளை பிறந்தது தெரியும். ஆணோ பெண்ணோ என்று கேட்க வாய் வரவில்லை. கண்ணாடி மடித்த லொறி, முதுகில் சன்னல் இல்லாத ஐஸ் பெட்டி. தலையை வெளியே நீட்டித் திரும்பினாலொழிய பின்னால் நிற்பவளைப் பார்க்க வழியில்லை. தலையை நீட்டினால் சொன்ன சொல் என்னாவது?

வழி லொறிக்குள்ளேயே இருந்தது. முதலாளி எடுத்த அந்த யப்பான் லொறியில், பின்னால் உச்சியில் ஒரு கமராவும் ஸ்டியரிங் பக்கத்தில் கையகல டீவியும் இருந்தன. பின் கியர் போட்டால் டீவியில் படம் வரும். வேறு நேரத்தில் வராது. இரத்தினசிங்கம் வயரிங் வேலை செய்யும் ஜெமீலிடம் போனார்.

"முன்னுக்குப் போகேக்கையும் இது எரியோணும்."

"என்னத்துக்கு அண்ணன்? பின்னால யாரும் தொரத்துறாங்களா?"

"எரியோணும் எண்டா எரியோணும்."

ஜெமீல் கையைத் துடைத்தான். "ஏலா. லொறி ஓடக்கொள்ள ட்றைவருக்கு முன்னால படம் எரியப்படாதாம். பொலிஸ் புடிச்சா வழக்கு. அதுகூடப் பரவாயில்ல. கமரா ஒண்டு கண்ணத் தொறந்துக்கிட்டு நேவி காம்புக்கு முன்னால போகுதெண்டு தெரிஞ்சா, ஒங்களோட சேத்து வயர் பூட்டின என்னையுந்தான் ஜீப்புல ஏத்துவானுகள்."

"அந்த ஒழுங்கைக்குள்ள மட்டுந்தானடா. சந்திக்கு முன்னம் ஓஃப் பண்ணிடுவன்."

"ஒழுங்கைக்கு வேற சட்டமா? போய் வேலயப் பாருங்க அண்ணன்."

இரத்தினசிங்கம் ஒரு சுவிட்சை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஐஸ் கொம்பனி முற்றத்தில் லொறிக்குள் முதுகை மடித்துப் படுத்து, பின் கியரிலிருந்து டீவிக்கு வருகிற வயரைத் தேடிப் பிடித்தார். பியூசிலிருந்து கரண்டை எடுத்து, சுவிட்ச் வழியாக அந்த வயரில் முறுக்கி டேப் சுற்றினார். கதிரையில் ஏறியிருந்து சுவிட்சைத் தட்டினார். படம் வந்தது. பின் சுவரும், அதில் காய்ந்த கோணிச் சாக்கும் தெரிந்தன. 'ஜெமீலும் ஒரு வயரிங்காரன்' என்று சிரித்துக்கொண்டார். இறங்கிப் பின்னால் போய்ப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

அடுத்த நாள் விடியப்புறம், வெளிச்சம் சரியாக வராத நேரம். கண்ணாடிகளை மடித்து, ஐஸோடு மெல்ல ஒழுங்கையில் இறங்கினார். சாத்திய படலை கடந்தது. சுவிட்சைத் தட்டினார்.

வெறும் ஒழுங்கை. மதில். ஒரு நாய். பிறகு படலை அசைந்தது. இடுப்பில் பிள்ளையோடு குணேஸ்வரி வந்தாள். பிள்ளைக்குப் போட்டிருப்பது காற்சட்டையா கவுனா என்று விளங்கவில்லை, படம் அவ்வளவு மங்கல். ஆனால் அவள் நிற்கிற நிலை அவருக்குத் தெரியும். ஒரு காலில் பாரம் வைத்து, நல்லம்மா நிற்கிற மாதிரியே. இரத்தினசிங்கத்தின் கால் தன்பாட்டில் அக்சிலேட்டரிலிருந்து எழும்பியது.

அவள் லொறியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திடீரென்று முன்னால் ஓர் அடி வைத்தாள். இன்னொன்று. பிள்ளையை இறுக்கிக்கொண்டு ஓடியே வந்தாள். வெறுங்கையை உயர்த்தி, உள்ளங்கையைத் தன் பக்கம் மடக்கி மடக்கி அசைத்தாள்.

அவருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அந்தக் கை விளங்கியது. சின்ன வயசில், அவர் பழைய லொறியை வளவுக்குள் பின்னுக்கு எடுக்கும்போதெல்லாம் அவள்தான் பின்னால் நின்று கை காட்டுவாள். "வரலாம் அப்பா, வரலாம்..." இடம் முடிந்தால் பெட்டியில் இரண்டு தட்டு.

அதே நேரம், ஒழுங்கை வாயில் நின்றுவிட்ட லொறியைக் கண்டு சந்திப் பொலிஸ்காரன் விசிலடித்துக்கொண்டு வந்தான். லொறிக்கும் மதிலுக்கும் இடையில் ஒடுங்கி நுழைந்து பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு வந்து கதவைத் தட்டினான்.

"பின்னால வெள்ள லைட் ரெண்டும் பத்துது. ரிவர்ஸ் லைட் போட்டு முன்னால போறது? அது குத்தம் தெரியாதா?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. டீவிக்கென்று கொடுத்த கரண்ட், அதே வயரில் தொங்குகிற பின் விளக்குகளுக்கும் போயிருக்கிறது. வெள்ளை விளக்கு எரிந்தால் லொறி பின்னுக்கு வருகிறது என்று ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரியும். அப்பா திரும்பி வருகிறார் என்று அவள் நினைத்துவிட்டாள்.

சுவிட்சை அணைத்தால் முடிந்தது. விளக்கு அணையும், வழக்கும் வராது, லொறி சந்தி ஏறும். அவள் உயர்த்திய கையோடு ஒழுங்கையில் நிற்பாள்.

"எங்க போறது?" என்றான் பொலிஸ்காரன்.

"பின்னுக்குத்தான் போறன், சேர்" என்றார் இரத்தினசிங்கம். கியரைப் பின்னுக்குத் தள்ளினார்.

பொலிஸ்காரன் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு ஒதுங்கினான். லொறி அங்குலம் அங்குலமாகப் பின்னால் நகர்ந்தது. டீவியில் அவள் பின்னால் நடந்தபடி கையை மடக்கிக்கொண்டே இருந்தாள். சத்தம் கேட்கவில்லை, உதடு மட்டும் தெரிந்தது. படலைக்கு நேரே வந்ததும், பெட்டியில் இரண்டு தட்டு விழுந்தது.

சாவியைத் திருப்பாமல், கிளச்சை விட்டு எஞ்சினை நிறுத்தினார். ஐஸ் பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. டீவியில் குணேஸ்வரியின் உச்சி வகிடு மட்டுந்தான் தெரிந்தது, அவள் நிமிரவில்லை. இடுப்பிலிருந்த பிள்ளை மாத்திரம் அண்ணாந்து, மேலே கமராவையே பார்த்துக்கொண்டிருந்தது. மங்கலில் ஒரு வட்ட முகம். மூக்கு யாருடையது என்று தெரியவில்லை.

இரத்தினசிங்கம் சுவிட்சை அணைத்தார். பின் கியரில் கிடந்ததால் படம் போகவில்லை. கொஞ்ச நேரம் அந்த முகத்தைப் பார்த்தபடி இருந்தார். பிறகு மதிலில் இடிபடாமல் கதவைப் பாதி திறந்து, உடம்பை ஒடுக்கி, இறங்கினார்.