இருட்டில் பிடித்த கை

துணிக்கடைச் சந்தில் தையல்கடை வைத்திருப்பவளை எல்லோரும் ‘ரேடியோ’ என்றுதான் சொல்வார்கள். மெஷின் நின்றாலும் அவள் வாய் நிற்காது. ஊசியை உதட்டில் கடித்துக்கொண்டே வம்பு பேசுவாள். மற்றபடி பொல்லாதவள் இல்லை. சின்னக் கிழிசலுக்குக் காசு வாங்கமாட்டாள்.

அவளுடைய அண்ணிதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தையே பழைய சுரங்கத்துக்குக் கூட்டிப்போனாள். மூடி வெகுகாலமான சுரங்கம். இப்போது சுற்றுலாப் பயணிகளை இறக்கிக் காட்டுகிறார்கள். அண்ணியின் அப்பா அங்கே கல் வெட்டியவர். அவரைப் பற்றி அதற்குமேல் அவள் ஒருநாளும் பேசியதில்லை.

தலையில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, கம்பிக்கூண்டு லிஃப்டில் நெருக்கியடித்து இறங்கினார்கள். கீழே ஈரச் சுவர்கள். குனிந்துதான் நடக்கமுடிந்தது. ரேடியோ பயத்தில் தன் தங்கையின் கையை விடவேயில்லை.

ஓரிடத்தில் வழிகாட்டி நின்றார். “இப்ப எல்லா லைட்டையும் அணைக்கப் போறேன். விளக்கு போயிட்டா அந்தக் காலத்துல இங்க வேலை பார்த்தவங்க எப்படி நின்னிருப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும். யாரும் பேசாதீங்க.”

அந்த நேரம் பார்த்துத் தங்கையின் குழந்தை சிணுங்கியது. தங்கை ரேடியோவின் கையை உதறிக்கொண்டு குழந்தையிடம் ஓடினாள். விளக்கு அணைந்தது. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். ரேடியோ தடுமாறிக் கையை நீட்ட, ஒரு கை வந்து பிடித்துக்கொண்டது. தங்கை திரும்பிவிட்டாள் என்று அவளுக்கு உயிர் வந்தது.

பயந்தால் அவளுக்குப் பேச்சு வரும்.

“அப்பன் கல்லு சுமந்த பொந்துக்கு நம்மள டிக்கெட் வாங்கிக் கூட்டிட்டு வந்திருக்கா பாரு. இதுல என்னடி பெருமை வேண்டிக்கிடக்கு?”

கிசுகிசுத்ததுதான். ஆனால் அந்தக் குடைவுக்குள் மூச்சுவிட்டாலே கேட்கும். யாரோ ‘ஸ்ஸ்’ என்றார்கள். பிடித்திருந்த கை விலகவில்லை.

விளக்கு வந்தது. பக்கத்தில் நின்றது அண்ணி.

அவள் மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டாள். “பார்த்து வா, தலை இடிக்கும்” என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். அண்ணன், ஹெல்மெட் வாரைச் சரிசெய்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரேடியோவுக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தச் சுரங்கத்துக்கு அடியில் இன்னொரு சுரங்கம் இருந்தால் அதற்குள் இறங்கிவிடலாம் போலிருந்தது.

மேலே வந்து ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “அண்ணி, உங்க அப்பா எந்தப் பக்கம் வேலை பார்த்தாங்க?”

“கீழ இருக்கும்போது சொல்லலாம்னுதான் இருந்தேன். பரவாயில்ல, விடு.”

அதற்குப் பிறகும் அண்ணி முகம் சுளிக்கவில்லை, வழக்கம்போல வந்துபோனாள். ஒருநாள் ஜன்னல் திரைக்கு ஓரம் தைக்கக் கொடுத்தாள். ரேடியோ மெஷினை நிறுத்தினாள்.

“அண்ணி, அன்னைக்கு நான்...”

“இருட்டுல யார் என்ன பேசுனாங்கன்னு எனக்கென்ன தெரியும்?” என்றாள் அண்ணி. “நூல் மட்டும் கொஞ்சம் அழுத்தமான நிறமாப் போடு.”

அண்ணி நாலு வார்த்தை திட்டியிருந்தால் ரேடியோ அழுதாவது தீர்த்திருப்பாள். அண்ணி திட்டவேயில்லை. அவள் அப்பா கீழே எங்கே நின்று கல் வெட்டினார் என்பது இன்றுவரை அந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.