வர்றவங்களுக்கு வைத்த கச்சாயம்

எங்கள் வீட்டில் எலியை எலி என்று சொல்லக் கூடாது. கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே என் கணவர் போட்ட சட்டம் அது. எலிக்குப் பேச்சு புரியும், பேரைச் சொல்லிப் பொறி வைத்தால் பொறிப் பக்கமே வராது, மருந்து வைத்ததை வாய்விட்டுச் சொன்னால் மோந்துகூடப் பார்க்காது என்று அடித்துச் சொல்வார். பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் இயந்திரங்களைப் பற்றிப் படித்தவர். எலி விஷயத்தில் மட்டும் அந்தப் படிப்பு ஒன்றும் எடுபடவில்லை. அவர் அப்பாவும் இப்படித்தானாம், ஊரில் பாதிப் பேர் இப்படித்தான்.

அதனால் எலிகளுக்கு எங்கள் வீட்டில் 'வர்றவங்க' என்று பேர். 'வர்றவங்க ராத்திரி வந்துட்டுப் போயிருக்காங்க', 'வர்றவங்க சோப்பைத் தின்னுபோட்டாங்க' என்றுதான் பேசிக்கொள்வோம். தெருநாயைக்கூட 'அக்கட்டால போங்க' என்று விரட்டுகிற ஊர் எங்களுடையது, எலிக்கு ஒரு 'ங்க' போடுவதில் யாருக்கும் கூச்சமில்லை. எனக்குத்தான் சிரிப்பும் எரிச்சலும் மாறி மாறி வரும்.

கருமத்தம்பட்டியில் அப்போது எங்களுக்கு நான்கு விசைத்தறிகள் இருந்தன. தொண்ணூறுகளின் நடுவில் ஏதோ ஒரு வருடம். வீட்டுக்கும் தறி ஓடும் ஷெட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலுக்குக் கஞ்சி போட்டிருப்பார்கள், அந்தக் கஞ்சி வாசத்துக்கு எலிகள் எங்கிருந்தோ வந்து சேரும். நூலை அவை தின்பதில்லை, கஞ்சியைச் சுரண்டுகிறேன் என்று இழை இழையாக அறுத்துவிட்டுப் போகும். காலையில் தறியை ஓட்டினால் ஒரு சாண் அகலத்துக்குப் பாவு அறுந்து தொங்கும். ஒவ்வொரு இழையாக எடுத்து முடிபோட்டு முடிக்க அரை நாள் ஆகும். என் கணவர் குனிந்து உட்கார்ந்து முடிபோடும்போது பக்கத்தில் போனால் வள்ளென்று விழுவார்.

நாங்கள் செய்யாதது ஒன்றுமில்லை. பொந்துகளில் கண்ணாடித் துண்டுகளைத் திணித்து மேலே சிமெண்ட் பூசினோம், அடுத்த வாரம் பக்கத்திலேயே புதுப் பொந்து வந்தது. பொறியில் தேங்காய்ச் சில்லு வைத்தோம், சில்லு போயிற்று, பொறி திறந்தே இருந்தது. ஒரு பூனையைக் கொண்டுவந்து விட்டார், அது பாலைக் குடித்துவிட்டுத் தறிச் சத்தத்துக்குப் பயந்து ஓடிப்போனது. அந்த ஆடியில் புதுப் பாவு ஏற்றிய இரண்டாம் நாளே கடித்துவிட்டதும் மனிதர் பொறுமை இழந்துவிட்டார். மருந்து வாங்கி வந்துவிட்டார். வாங்கியதை என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் கேட்டுவிடுமல்லவா!

ஆடி நோம்பிக்கு நான் கச்சாயம் சுட்டிருந்தேன். அரிசியும் வெல்லமும் சேர்த்து எண்ணெயில் சுடுகிற கச்சாயம் பத்து நாள் வைத்திருந்தாலும் கெடாது. நோம்பி கழிந்து மூன்றாம் நாள் காலையில் டின்னைத் திறந்தால் காலி. கடைசியாக இரண்டு இருந்தது எனக்கு நன்றாகத் தெரியும். யாரைக் கேட்பது என்று நான் நிற்கும்போது, சோமனூருக்குத் துணி கொண்டுபோகக் கிளம்பிய கணவர் என் காதருகே குனிந்தார்.

"வர்றவங்களுக்கு ரெண்டு கச்சாயம் எடுத்து சாமான் ரூம்ல கீழ்த்தட்டுல வெச்சிருக்கேன், அம்மணி. நீ கை வெச்சுபோடாத" என்றார்.

அன்று மதியம் அவருடைய அக்கா வருவதாக இருந்தது. கணவரின் அக்காவை நங்கை என்று கூப்பிடுவது எங்கள் வழக்கம். அன்னூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் வீடு, முதல் வகுப்புப் படிக்கும் ஒரே மகள், மில்லில் வேலை பார்க்கும் கணவர். எனக்கும் நங்கைக்கும் நேரடியாகச் சண்டை எதுவும் வந்ததில்லை. ஆனால் இவர் அக்கா அக்கா என்று உருகுவது எனக்குப் பிடிக்காது, அதை நான் பெரிதாக மறைத்ததுமில்லை.

ஆக, வர்றவங்க என்றால் நங்கைதான் என்று எடுத்துக்கொண்டேன். அடுப்படியில் வெந்து சுட்டவள் நான், கடைசி இரண்டை எடுத்து அக்காவுக்கு ஒளித்து வைத்துவிட்டு என்னையே கை வைக்காதே என்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேச வாயைத் திறப்பதற்குள் அவர் மொபெட்டைக் கிளப்பிவிட்டார். கோபத்தில் இருந்தவள் ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். விருந்தாளிக்கு வைக்கிற பண்டத்தை எந்த மடையன் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில், மூடாமல், தரையை ஒட்டின தட்டில் வைப்பான்?

நங்கை பன்னிரண்டு மணிக்கு வந்து சாப்பிட்டார், சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்தார். இரண்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது நான் போய் அந்தக் கச்சாயங்களை எடுத்துவந்தேன்.

"உங்க தம்பி உங்களுக்குன்னே எடுத்து வெச்சிருக்காருங்க. என்னைத் தொடவே விடலைங்க" என்றேன். என் குரல் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கே தெரியும்.

நங்கை என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். "இப்பத்தானே கண்ணு வயிறு நெறையச் சாப்புட்டேன். பாப்பா பள்ளிக்கூடத்துல இருந்து வரும், அதுக்குக் குடுத்துக்கறேன்" என்று இரண்டையும் செய்தித்தாளில் பொதிந்து பைக்குள் வைத்துக்கொண்டு போனார். கச்சாயத்தின் வயிற்றைக் கீறி, மருந்தை உள்ளே வைத்து, வெல்லப் பாகால் வாயை ஒட்டியிருந்தார் என் கணவர். அறுந்த இடம் தெரியாமல் இழையை முடிபோடுகிற விரல்கள் அவை. வெளியே ஒரு கீறல்கூடத் தெரியவில்லை.

மூன்றேகால் மணிக்கு அவர் திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சாமான் ரூமுக்குப் போனவர், முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தார். சத்தமில்லாமல் இரண்டு விரலைக் காட்டி, கையை விரித்துக் காலி என்று சைகை செய்தார்.

"ஆமா. உங்க அக்கா எடுத்துட்டுப் போயிட்டாங்க. பாப்பாவுக்குக் குடுக்கறதுக்கு" என்றேன்.

அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பிறகு அந்த வீட்டில் அதுவரை யாரும் சொல்லாததை, நான்கு தறிச் சத்தத்துக்கும் மேலே கத்தினார். "எலி மருந்து! அது எலி மருந்து வெச்சது!"

பள்ளிக்கூடம் நான்கு மணிக்கு விடும். நங்கை வீட்டுக்கு நாங்கள் இரண்டு பேரும் மொபெட்டில் போனால் எப்படியும் முக்கால் மணி நேரம். குழந்தை வந்ததும் பையைத்தான் தேடும், எந்தக் குழந்தைதான் தேடாது?

மெயின் ரோட்டு முனையில் போன் பூத் இருந்தது. நங்கை வீட்டுக்கு எதிரே இருக்கும் மளிகைக்கடையில் ஒரு போன் உண்டு, அந்த நம்பர் எனக்கு மனப்பாடம். கணவர் எஞ்சினை நிறுத்தாமல் முறுக்கிக்கொண்டே நின்றார், நான் உள்ளே ஓடினேன். முதல் தடவை எங்கேஜ்டு. இரண்டாம் தடவையும் எங்கேஜ்டு. மூன்றாம் தடவை மணி அடித்தது, கடைக்காரர் எடுத்தார்.

நான் யாரென்று சொன்னதும் அவருக்கு ஒரே சந்தோஷம். "அட, நீங்களாங்க! நல்லா இருக்கறீங்களா? வூட்டுக்காரர் சௌக்கியங்களா? அங்க மழை உண்டுங்களா?" என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு, நல்லா இருக்கறோமுங்க, மழை இல்லீங்க என்று பதில் சொன்னேன். ஒரு குழந்தை சாகப்போகிற நேரத்தில் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். எங்கள் வாய்க்குப் பழக்கம் அப்படி.

பிறகு சொல்ல வேண்டியது வந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே இரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள், இருவரும் எங்கள் தெருக்காரர்கள். அங்கே கடையில் எத்தனை பேர் நிற்கிறார்களோ. நாத்தனாருக்கு மருந்து வைத்த பண்டத்தைக் கொடுத்து அனுப்பினாள் என்று இரண்டு ஊரும் பேசும். எவ்வளவு சொன்னாலும் தெரியாமல் நடந்தது என்று ஒருத்தரும் நம்பமாட்டார்கள். இதெல்லாம் ஒரு நொடிக்குள் என் மண்டைக்குள் ஓடியது.

"அந்தக் கச்சாயம் கெட்டுப்போச்சுங்க. பாப்பாவுக்குக் குடுக்க வேண்டாம்னு நங்கைகிட்டச் சொல்லிருங்க, இப்பவே போய்ச் சொல்லிருங்க" என்றேன்.

"இவ்வளவுதானுங்களா? சொல்லிப்போடறேனுங்க" என்று வைத்துவிட்டார்.

அன்னூர் ரோட்டில் பாதி தூரம் போனதும் கணவர் கேட்டார். "என்னன்னு சொன்னே?"

சொன்னேன். வண்டி ஒரு கணம் தடுமாறியது. "கச்சாயம் மூணு நாள்ல கெட்டுப்போகுமா?" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு. நங்கையும் இதையேதான் நினைப்பார், கச்சாயமாவது கெடுவதாவது என்று சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்துவிடுவார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மறுபடி போன் செய்ய அந்தப் பக்கம் எங்கும் பூத் இல்லை. இரண்டு பக்கமும் சோளக்காடுதான்.

போகிற வழியில் செம்மறி ஆட்டுக் கூட்டம் ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. ஆடு மேய்க்கிறவர் "இருங்க, இருங்க, அவசரப்படாதீங்க" என்று நிதானமாக ஒதுக்கினார். நான் வண்டியிலிருந்து குதித்து இரண்டு கையாலும் ஆடுகளைத் தள்ளினேன். அந்த மனிதர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருக்க வேண்டும். வாய்விட்டு அழுதுகொண்டேதான் தள்ளினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நாலேகாலுக்கு மேல் ஆகிவிட்டது. குழந்தை யூனிஃபார்மோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

என் கணவர் வண்டியை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடினார். குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினார். அவள் வீறிட்டு அழுதாள். அவர் கையில் வந்தது கொய்யாப்பழம், கொய்யா விதை. அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அழுகைச் சத்தத்துக்கு நங்கை வெளியே வந்தார். கையில் அந்தச் செய்தித்தாள் பொட்டலம், பிரிக்காமல் அப்படியே இருந்தது. அவர் முகம் சிவந்திருந்தது.

"ரெண்டு கச்சாயத்துக்கு ரெண்டு பேரும் வண்டியெடுத்துட்டே வந்துட்டீங்களா?" என்றார் என்னைப் பார்த்து. "குடுக்கறப்பவே உன்ற மூஞ்சியப் பார்த்தேன். கடைக்காரர் வந்து கெட்டுப்போச்சாமான்னு சொன்னதும் எனக்குப் புரிஞ்சு போச்சு. குடுக்க மனசில்லீன்னா அங்கயே சொல்லியிருக்கலாமல்ல? மனசில்லாதவ பண்டத்த என்ற புள்ளைக்கு நான் குடுக்கமாட்டேன். இந்தா, எடுத்துட்டுப் போ."

பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். இதோடு திரும்பிப் போய்விடலாம், கருமி என்ற பெயரோடு முடிந்துவிடும் என்று ஒரு நினைப்பு அப்போதும் வந்தது. இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. கணவர் குழந்தையைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்த பிறகு என்னால் மறைக்க முடியவில்லை.

"நங்கை, இதுல எலி மருந்து இருக்குதுங்க. எனக்குத் தெரியாதுங்க. எலிக்கு வெச்சதை உங்களுக்கு வெச்சதுன்னு நெனச்சுக் குடுத்துட்டேனுங்க" என்றேன்.

நங்கை கத்தவில்லை. தம்பியின் கையிலிருந்து குழந்தையைப் பிடுங்கி, அதன் வாயை மோந்து பார்த்தார். தொட்டிக்குக் கூட்டிப்போய் அந்தச் சின்னக் கைகளை சோப்புப் போட்டுக் கழுவினார், மறுபடி கழுவினார். பொட்டலத்தை அந்தக் கைகள் தொட்டிருக்கவே இல்லை. ஆனாலும் கழுவிக்கொண்டே இருந்தார்.

என் மேல் அவருக்கு நல்ல எண்ணம் இருந்திருந்தால் அந்தக் குழந்தை செத்திருக்கும். ஏதோ பதற்றத்தில் சொல்கிறாள், கச்சாயம் எங்கே கெடும் என்று எடுத்துக் கொடுத்திருப்பார். இரண்டு பண்டத்துக்குக்கூட மனசு வராதவள் இவள் என்று அவர் நம்பியதால்தான் பொட்டலம் பிரிக்கப்படாமல் இருந்தது. அப்படி நம்பும்படி நடந்துகொண்டவள் நான்தான், அதில் சந்தேகமில்லை.

கைகளைத் துடைத்துக்கொண்டு நங்கை என் முன்னால் வந்து நின்றார். அதுவரைக்கும் என்னை வா, போ, கண்ணு என்றுதான் பேசியவர்.

"மருந்துன்னு போன்ல சொல்றதுக்கு என்னங்க?" என்று கேட்டார்.

என் கணவர் தோட்டத்து மூலையில் குழி தோண்டிப் பொட்டலத்தைப் புதைத்தார். நாங்கள் கிளம்பும்போது நங்கை என்னிடம் "பார்த்துப் போங்க" என்றார். அந்தக் குழந்தைக்குக் கல்யாணமாகிவிட்டது, பத்திரிகை வைக்க வந்தபோதும் "கண்டிப்பா வந்துருங்க" என்றுதான் சொன்னார். இன்றைக்கும் நங்கை எனக்கு 'ங்க' போட்டுத்தான் பேசுகிறார்.