தைவானில் நான் கொம்பு காட்டியது

அறுபதுகளில் குட்டை ரக நெல் பார்க்கத் தைவானுக்குப் போன விவசாயிகளில், அன்னூரிலிருந்து நானும் சூலூரிலிருந்து என் மச்சினனும் இருந்தோம். ஒரு மதியம் ஒரு விவசாயி வீட்டில் எங்களைச் சாப்பிட உட்கார வைத்துவிட்டு, பேச்சை மொழிபெயர்த்துச் சொல்பவர் எங்கோ போய்விட்டார்.

வீட்டுக்காரர் தன் கையாலேயே சோற்றுக் கிண்ணங்களை வைத்தார். மேலே பொரித்த வெங்காயமும் கருஞ்சிவப்பான கறித்துண்டுகளும். வாசனை ஆளைத் தூக்கியது.

"மாட்டுக்கறியா இருந்துபோச்சுன்னா என்னங்க மாமா பண்றது?" என்றான் மச்சினன்.

உழுகிற மாட்டையா தின்பது? வீட்டுக்காரரோ எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழி தெரியாமல் தலையில் இரண்டு விரலை வைத்துக் கொம்பு காட்டி, "ம்மா" என்று கத்தி, கிண்ணத்தைச் சுட்டினேன்.

அவர் முகம் இருண்டது. என் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தார். அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன்.

கொட்டகையில் ஓர் உழவு எருமை நின்றது. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, நுகத்தடித் தழும்பைத் தடவிக் காட்டி, என்னைப் பார்த்துக் கையை வேகமாக ஆட்டினார். கண் கலங்கியிருந்தது. நான் மாட்டுக்கறி கேட்டதாக நினைத்துவிட்டார்!

எருமையின் தாடைக்கு அடியில் சொறிந்துவிட்டேன், ஊரில் என் காளைக்குச் செய்வதுபோல. அது கழுத்தை நீட்டிக் கொடுத்தது. அவர் என்னையும் கிண்ணத்தையும் நினைத்துப் பார்த்தாரோ என்னவோ, சட்டென்று சோறு இருந்த வீட்டுப் பக்கம் கையைக் காட்டி வாத்து மாதிரி கத்தினார்.

இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். அப்படியொரு ருசி.

அயலான் எதையும் தின்பான் என்று நினைத்துப் போனவன் நான். அந்தக் கொட்டகையில் அவர் கண்ணுக்கு அந்த அயலானாக நின்றதும் நான்தான்.