பாதியில் நின்ற கரைவலை

மாலை நாலு இருபதுக்கு என் மகளின் வீடியோ பிளேயர் நின்றுபோனது. போன ஆடி மாதம், ராமேஸ்வரம் போகும் பாசஞ்சர் ரயிலில். பாலத்தில் காற்று அதிகம் என்று வண்டியை மண்டபத்திலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள்.

மகளுக்குப் பதினொரு வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை, பேச்சு அதிகம் வராது. வெளியே கிளம்பினால் உள்ளங்கை அகல பிளேயர் ஒன்று கையில் இருந்தாக வேண்டும். செல்போன் ஒத்துவராது, நடுவில் யாராவது கூப்பிட்டுப் படம் நின்றால் அவளால் தாங்க முடியாது. பார்ப்பதும் ஒரே வீடியோதான். என் மைத்துனர் புதுமடம் கடற்கரையில் எடுத்தது. கடலில் விரித்த கரைவலையை ஆட்கள் வரிசையாகக் கயிற்றைப் பிடித்து, பாடிக்கொண்டே கரைக்கு இழுப்பார்கள். கடைசியில் வலையின் பை போன்ற மடி, மீன் நிறைந்து கரையேறும். உடனே மறுபடி முதலிலிருந்து.

இயர்போன் மாட்டமாட்டாள். அதனால் பெட்டி முழுக்க அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு வந்தது. எதிரே ராமநாதபுரத்தில் கருவாடு விற்றுவிட்டுத் திரும்பும் மூன்று பெண்கள். கழுத்தில் ஜெபமாலை போட்டிருந்த மூத்தவர், "எத்தன தடவடி இழுப்பானுக! நம்ம ஆளுகளுக்கு இம்புட்டு சுறுசுறுப்பு என்னைக்கு வந்துச்சு?" என்றார். மற்ற இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அப்போதுதான் திரை கறுத்தது. எந்தப் பொத்தானை அழுத்தியும் உயிர் வரவில்லை. என் போனில் அதே வீடியோவைக் காட்டினேன், தட்டிவிட்டாள். அலறிக்கொண்டே ஜன்னல் கம்பியில் நெற்றியை மோத ஆரம்பித்தாள். நடுவில் கையை வைத்தேன், கையோடு சேர்த்து மோதினாள். பிடி நழுவினால் திறந்த கதவு வழியே தண்டவாளத்தில் இறங்கி ஓடிவிடுவாள் என்ற பயம் வேறு. முன்பு ஒருமுறை அப்படி ஓடியிருக்கிறாள். ராமேஸ்வரத்தில் காத்திருந்த மனைவிக்குப் போன் போட்டு, "பிளேயர் போச்சு" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

"தம்பி, மடி வந்துருச்சா, அதுக்கு முன்னாடியே நின்னுருச்சா?" என்று கேட்டார் மூத்தவர்.

"மடி வரலைக்கா."

"பெறகு பிள்ள கத்தாம என்ன செய்யும்? பாதி வலைய கடல்ல விட்டுட்டு யாராச்சும் வீட்டுக்குப் போவாகளா?"

காலிக் கூடைகளைக் கட்டியிருந்த நைலான் கயிற்றை அவிழ்த்தார். ஒரு முனையைக் கூடையில் கட்டி, கூட வந்தவரிடம் கொடுத்து, பெட்டியின் அந்தக் கோடியில் வைத்துவிட்டு வரச் சொன்னார். "வழிய விடுங்கப்பா, வலை வருது!" என்று ஒரு சத்தம். மூன்று பேரும் வரிசையாக நின்று கயிற்றைப் பிடித்தார்கள். பாட்டு கிளம்பியது. வீடியோவில் வரும் அதே பாட்டு.

கூடை ஆடி ஆடி நகர்ந்து வந்தது. ஏர்வாடி தர்காவுக்குப் போய்விட்டு வந்த குடும்பம் ஒன்று அதில் பேரீச்சம்பழப் பொட்டலத்தைப் போட்டது. யாரோ தண்ணீர் பாட்டிலைப் போட்டார்கள். ஒருவர் தன் செருப்பையே கழற்றிப் போட்டார்.

"யோவ், செருப்பு மீனாய்யா?"

"சுறாக்கா, விட்றாதீக!"

பெட்டியே சிரித்தது. மகளின் அலறல் அழுகையாகி, அழுகை விசும்பலானது. கயிற்றையே பார்த்தாள். பிறகு எழுந்துபோய், கடைசிப் பெண்ணுக்குப் பின்னால் நின்று கயிற்றைப் பிடித்தாள். நான் மெல்ல என் கையை எடுத்தேன். கூடை வந்து சேர்ந்ததும், "மடி வந்துருச்சுடீ!" என்று ஊரே கேட்கக் கத்தினார்கள். மகள் கூடையைத் தானே அந்தக் கோடிக்குத் தள்ளிக்கொண்டு போனாள். மறுபடி முதலிலிருந்து.

காற்று தணிந்து வண்டி பாலத்தைக் கடந்த பிறகும் அவர்கள் சலிக்கவே இல்லை. சிவந்துபோன கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தார்கள். பிள்ளைக்கு என்ன கோளாறு என்று அந்தப் பெட்டியில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்த நாலு இருபதை நினைத்தால் அவள் நெற்றி கம்பியில் மோதிய சத்தம்தான் முதலில் கேட்கிறது. ஆனால் என் மகளை அடக்காமல், அவளோடு சேர்ந்துகொள்ள ஒரு பெட்டி நிறைய ஆட்கள் இருந்தார்கள் என்பதும் கூடவே நினைவுக்கு வந்துவிடுகிறது.

ராமேஸ்வரத்தில் வண்டி நின்றபோது கூடை பாதி தூரத்தில் இருந்தது. யாரும் இறங்கவில்லை. பிளாட்பாரத்தில் ஓடி வந்த மனைவி, அழுது வீங்கிய முகத்தோடு பெட்டியில் ஏறினாள். மகளைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள். கைப்பையைச் சீட்டில் போட்டுவிட்டு மூத்தவரிடம் கேட்டாள்:

"அக்கா, நான் எங்கன பிடிக்கணும்?"