சக்கர நாற்காலியில் மரவள்ளிக் கிழங்கு

சண்முகம் சார் போய்விட்டார்... இன்று காலை அவருடைய டிரைவர் மெசேஜ் அனுப்பியிருந்தார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நாமக்கல் பக்கம் ஒரு கம்பெனியில் ஜி.எம். ஆக இருந்து ரிட்டயர் ஆனவர். கொல்லிமலையில், குண்டூர் நாடு என்கிற பகுதியில், நடக்க முடியாத குழந்தைகளுக்காக நாங்கள் நடத்தும் சின்ன டிரஸ்ட் அந்தக் கம்பெனி சமூகப் பணிக்கென்று ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணத்தில்தான் ஓடுகிறது.

அவருக்கு முன்னால் இருந்த ஜி.எம். மேடை போட்டு, பேனர் கட்டி, பத்து சக்கர நாற்காலி கொடுத்தார். போட்டோ நன்றாக வந்தது. எங்கள் மேட்டுப் பாதையில் நாற்காலி நாலு அடிகூட உருளாது... அவர் கேட்கவில்லை. நாங்களும் வாயைத் திறக்கவில்லை.

சண்முகம் சார் பதவிக்கு வந்ததும் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்தார். வளைவுகளில் தலை சுற்றி, முகம் வெளுத்து, பனிக்குள்ளிருந்து கனவில் வருகிறவர் மாதிரி மெல்ல நடந்து வந்தார்.

எதிரே தார் ரோட்டில் பாப்பாத்தி. எங்களிடம் வரும் செல்வியின் அம்மா. கம்பெனி பெயர் போட்ட நாற்காலியில் மரவள்ளிக் கிழங்கு மூட்டையை வைத்துத் தள்ளிக்கொண்டு...

ரோட்டோரம் நின்றிருந்த நான் பார்த்துவிட்டேன். ஃபண்ட் போச்சு, டிரஸ்டை இழுத்து மூட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

மனுஷன் சிரித்தார். ஒரு பக்கம் பிடித்து, கிழங்கு ஏற்ற நின்ற லாரி வரை அவரும் தள்ளினார்.

"ஏனுங்க அம்மணி, அப்ப உங்களுக்கு என்னதான் வேணுமுங்க?"

"சாமானெல்லாம் வேண்டாமுங்க. ஊட்டுக்கே வந்து எம்புள்ளைக்குக் கால் பயிற்சி குடுக்க ஒரு ஆளு வேணுமுங்க."

ஆளுக்குச் சம்பளம் கொடுத்தால் போட்டோ எடுக்க முடியாதே... ஹெட் ஆபீஸ் மூன்று முறை ஃபைலைத் திருப்பி அனுப்பியது. சார் சண்டை போடவில்லை. அந்த அதிகாரிகளையே மலைக்குக் கூட்டிவந்து பாப்பாத்தி வீட்டில் பாயில் உட்கார வைத்தார். அவர் பேசவே இல்லை, பாப்பாத்தியைப் பேச விட்டார்.

அடுத்த மாதமே பிசியோதெரபிஸ்ட் வந்துவிட்டார்.

ரிட்டயர் ஆன பிறகும் சாரிடமிருந்து போன் வரும்.

"செல்வி நடந்துட்டாளுங்களா?"

"இன்னுமில்லீங்க சார்."

"செரிங்க, அவசரமில்லீங்க... அங்க பனி எறங்கிடுச்சுங்களா?"

இறங்கிவிட்டது என்றால் போனை வைக்க மாட்டார். அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தோன்றும். நானும் வைக்காமல் நிற்பேன்.

இன்று காலை செல்வி வாசலிலிருந்து குழாயடி வரை தனியாகப் போனாள். யாரும் கையைப் பிடிக்கவில்லை. பாப்பாத்தி அழுதுகொண்டே, "சாருக்குச் சொல்லுங்க" என்றாள்.

உங்களைக் கூப்பிடத்தான் சார் போனை எடுத்தேன்... அந்த மெசேஜ் வந்து கிடந்தது.

நடந்துட்டாளுங்க சார். போய் வாங்க.